ஓடைப்பொண்ணு கூப்பிடவில்லை

கார்த்திகை 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. நமுனுகுல மலை இருந்த இடம் தெரியவில்லை.

வாரும் ஐயா நோட்டுப் புத்தகமே. சௌக்கியமா? பதுளையிலிருந்து மூன்று மணி நேரம் என் கக்கத்தில் ஒடுங்கி வந்தீர், மூச்சு முட்டியதா? ஓரம் நனைந்திருப்பது என் குற்றம் இல்லை. கடையிலேயே கூரை ஒழுகிக் கெட்டுப்போனதில் ஒன்றைத்தான் கடைக்கார நானா சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். "தப்பால்காரருக்கு எதுக்கு நோட்டு? ஊர் கடுதாசியெல்லாம் பிரிச்சு எழுதி வைக்கப் போறீங்களோ?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தப்பால்காரன். துரையின் தோல் பையை மாட்டிக்கொண்டு பதுளைத் தபால் கந்தோருக்குப் போவது, வருவது. இருபது வருசமாக இதே பாதை. பள்ளிக்கூடத்து வாசல் மிதித்ததில்லை. முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் வரும் உறைகளின் மேல் இருக்கும் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்து வந்தது. முதலில் வந்தது ‘ரா’. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் ராமசாமி, மீதிப் பேர் ராக்காயி.

லயத்துக்காரர்கள் என்னைக் கதைக்காரர் என்பார்கள். நான் ஒரு குட்டையைக் காட்டி ஏரி என்றால் கேட்கிறவர்களுக்குக் கால் நனையும்.

எழுத உட்கார்ந்தது இதற்கு இல்லை. ஒரு விஷயம் இருக்கிறது. வாயால் சொன்னால் கதையாகிவிடும். நானே இரண்டு சொல் கூடப் போட்டுவிடுவேன். கையால் எழுதினால் பொய் அவ்வளவு சுலபமாக வராது என்று நினைக்கிறேன். விரல் வலிக்கிறதே.

என் மகள் அஞ்சலை. வயது பத்தொன்பது. அடுத்த காம்பராவில் புருசனோடும் மாமியாரோடும் இருக்கிறாள். பெண்பிள்ளை பிறந்து இன்று பதினோராம் நாள். பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை பாலில் நனைந்து வழிகிறது, பிள்ளை பக்கத்தில் கத்துகிறது, திரும்பிப் பார்ப்பதில்லை.

விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

கார்த்திகை 4, புதன்

மழை விட்டு விட்டு. பாதையில் அட்டை. இடது காலில் ஐந்து, வலது காலில் இரண்டு. இடது கால்தான் எனக்கு எப்போதும் ருசியான கால்.

பையில் வந்தவை: துரைக்குக் கடுதாசி ஆறு. பூ விதைப் பொட்டலம். துரைசானியின் நாய்க்கு ஒரு டின் பிஸ்கோத்து. இந்த நாயைப் பற்றி ஒரு விஷயம். பிஸ்கோத்து எந்தக் கப்பலில் வருகிறதோ, பண்டாரவளை வரை ரெயிலில், அங்கிருந்து பதுளைக்கு வண்டியில், பிறகு என் தோளில். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அது சமையற்காரன் வீசும் மாட்டு எலும்புக்குத்தான் வாலாட்டும். சமையற்காரன் பிள்ளைகள் பிஸ்கோத்தில் கொழுத்திருக்கிறார்கள்.

மருத்துவச்சி ராக்காயி வழியில் நின்றாள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் கையில் விழுந்தவை. அஞ்சலையும்தான்.

"மாரு கல்லாட்டம் கட்டிக் கெடக்கு. புள்ளைய மடியில வச்சா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிறா. இது ஒடம்பு நோவு இல்ல கதைக்காரரே."

"வேற என்னா நோவு?"

"எங்கிட்டயா கேக்குறீங்க?" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள்.

எங்கள் காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே இரண்டு முழம் திறந்திருக்கும். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் ஏழு வீட்டில் சோறு இறங்கும். சாயங்காலம் சட்டி உருண்டது. கன்னத்தில் விழுந்த சத்தம். ஒன்று, பிறகு இன்னொன்று. மாப்பிள்ளையின் குரல், "தூக்குடி. தூக்குடிங்கிறேன்." அஞ்சலை குரல் இல்லை. பிள்ளையின் குரல் மட்டும்.

நான் இருமினேன். பலமாக. அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

இருமியதோடு சரி. எழுந்து போகவில்லை.

கார்த்திகை 5, வியாழன்

மேகம். மழை இல்லை.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய பிறகு மாப்பிள்ளையைக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலைக்குப் போகும் வழியில் பிடித்தேன். கெட்டவன் என்று எழுத முடியவில்லை. வேலைக்காரன். குடி குறைவு. எனக்கு முன்னால் பீடி பிடிக்க மாட்டான்.

"மாப்பிள்ள, பச்ச ஒடம்புக்காரி. கை நீட்டாதீங்க."

"புள்ள பட்டினி கெடக்கு மாமா. பெத்தவ சொவத்தப் பாத்து உக்காந்திருந்தா நான் என்னா செய்யிறது?"

"அடிச்சா பால் குடுத்துருவாளா?"

அவன் கவ்வாத்துக் கத்தியைத் துணியால் துடைத்தபடி சொன்னான்: "கல்யாணம் முடிஞ்ச புதுசுல மொத தடவ கை வச்சப்பவே அவ சொல்லிட்டா மாமா. எங்கப்பா அடிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு. நீங்க அடிக்காத அடியா நான் அடிச்சிட்டேன்?"

சண்டைக்குச் சொல்லவில்லை. குத்தலும் இல்லை. ஒரே தொழில்காரனிடம் தொழில் பேசுவது போலச் சொன்னான். நான் பையைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டேன். பதுளை வரை நடந்ததில் எந்த வளைவும் ஞாபகம் இல்லை.

கார்த்திகை 7, சனி

நேற்று எழுதவில்லை. சளி. இஞ்சியும் கருப்பட்டியும்.

சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் தாய், வெற்றிலைத் தட்டோடு என் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு வந்தாள்.

"அண்ணே, இனி மறைச்சு ஒண்ணும் ஆகாது. இது ஓடைப்பொண்ணு வேலைதான். தாயக் கூப்பிட்டவ இப்ப மகளையும் கூப்பிடுறா."

ஓடைப்பொண்ணு யார் என்று எழுத வேண்டும். பங்களாவுக்குக் கீழே ஓடை. ஓடை திரும்பும் இடத்தில் ஆள் உயரக் கல். அதில் ஒரு பெண் இருக்கிறாள். வெள்ளைச் சேலை, இடது காலில் மட்டும் கொலுசு. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாள். மூன்றாம் தரம் கூப்பிட்டால் எழுந்து போகாமல் இருக்க முடியாது. என் பெண்சாதி செ. (பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை) அப்படித்தான் போனாள். பதின்மூன்று வருசம் ஆகிறது. அன்றிலிருந்து பிள்ளை பெற்றவர்கள் அந்தக் கல்லில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், வளையல் வைக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வருகிறார்கள்.

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோடாங்கி வந்திருக்கிறான். நாளைக்கு ஞாயிறு, பெரட்டு இல்லை. உச்சிப் பொழுதுக்குக் கல்லடியில் வைத்துப் பேய் ஓட்டுவதாக ஏற்பாடு.

"கோடாங்கிக்கு வெவரம் தெரியணும்ல. அவ கதைய நீங்கதான் வெலாவரியாச் சொல்லுவீங்க" என்றாள்.

சொன்னேன். கோடாங்கி கால் நீட்டி உட்கார்ந்து கேட்டான். கொலுசைச் சொன்னேன், கூப்பிடும் குரலைச் சொன்னேன், மூன்றாம் தரம் கூப்பிடும்போது ஓடைத் தண்ணீர் சத்தம் நின்றுபோவதைச் சொன்னேன். அவன் கையில் மயிர் சிலிர்த்தது. நன்றாகச் சொன்னேன். அதுதான் எனக்கு வெட்கம்.

கார்த்திகை 8, ஞாயிறு

வெயில். இந்த மாதத்தில் இப்படி வெயில் அபூர்வம்.

கல்லடியில் நாற்பது பேர் இருக்கும். அஞ்சலையைக் குந்த வைத்துத் தலைமுடியைப் பிரித்துவிட்டார்கள். பிள்ளை சம்பந்தியம்மா கையில். கோடாங்கி உடுக்கை அடித்தான்.

"யாரு நீ? பேரச் சொல்லு."

பேசவில்லை. கொய்யா விளாறு. முழங்காலுக்குக் கீழே.

"எங்க இருந்து வந்த?"

பேசவில்லை. மறுபடியும். நான் எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. ஒன்பதாவதில் வாயைத் திறந்தாள்.

"வெள்ளச் சேல கட்டியிருந்தா. எடது கால்ல மட்டும் கொலுசு. அம்மாவ மூணு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. நான் பாத்தேன். அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க."

கூட்டம் கும்பிட்டது. சம்பந்தியம்மா அழுதாள். பேய் வாயைத் திறந்துவிட்டது என்று கோடாங்கி துண்டால் முகம் துடைத்தான்.

பேயின் குரல் இல்லை அது. ஆறு வயதுப் பிள்ளையின் குரல். ஒப்புவிக்கிற குரல். ‘நான் பாத்தேன்’ என்பதற்குப் பிறகு மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள். அந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

கார்த்திகை 9, திங்கள்

தூறல். பையில் கடுதாசி நான்கு. ஒன்று கிழிந்து வந்தது, தபால் கந்தோரில் காட்டி எழுதி வாங்கினேன்.

எழுதிவிடுகிறேன்.

ஓடைப்பொண்ணு என்று ஒருத்தி இல்லை. அவளை உண்டாக்கியவன் நான்.

செ.க்கு இரண்டாவது பிள்ளை, ஆண். மூன்றாம் நாள் செத்துப்போனது. நான் அன்று பதுளையிலிருந்து சாராயத்தோடு வந்தேன். பிள்ளை செத்துக் கிடக்கிறது, இவள் மடியில் வைத்துக்கொண்டே இருக்கிறாள், கொடுக்க மாட்டேன் என்கிறாள். "நீ தூக்கித் தூக்கித்தான்டி செத்துச்சு. ஒங் கை பட்டுத்தான் செத்துச்சு" என்றேன். தப்பால் பை வாரைக் கழற்றினேன். பக்கிள் இருக்கிற பக்கமாகப் பிடித்து அடித்தேனா, மற்றப் பக்கமா என்று ஞாபகம் இல்லை என்று இத்தனை வருசம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறது. பக்கிள் அவள் முதுகில் விழும்படி.

அது முதல் நாள் அடி இல்லை. கல்யாணமான வருசத்திலிருந்தே. சோறு குழைந்தால், யாரிடமாவது சிரித்தால், கதை சொல்லும்போது பிள்ளை அழுதால். அஞ்சலைக்கும் விழும்.

மறுநாள் காலை செ. ஓடையில் கிடந்தாள். முழங்கால் தண்ணீர். அதில் சாக வேண்டுமென்றால் படுக்க வேண்டும்.

கங்காணி விசாரிக்க வருவார் என்று தெரியும். அஞ்சலை பக்கத்து வீட்டில் போய், "அப்பா வாரால அடிச்சாரு, அம்மா போயிருச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் காம்பராவுக்குள் இழுத்து வந்தேன். ஓடைப்பொண்ணு அங்கேதான் பிறந்தாள். சேலை, கொலுசு, மூன்று தரம். சொல்லு என்றேன். தப்பாகச் சொன்னால் அடி. சரியாகச் சொன்னதும் நிறுத்தினேன். கங்காணி கேட்டபோது பிள்ளை ஒரு சொல் பிசகாமல் சொன்னது. அவர் கண் கலங்கி அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அதனால்தான் நேற்று ஒன்பதாவது அடியில் அதையே சொன்னாள். அடி எதைச் சொன்னால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கார்த்திகை 11, புதன்

காற்று. லயத்தின் தகரம் இரண்டு இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சம்பந்தியம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அஞ்சலையிடம் போனேன். கால் முழுதும் விளாறுத் தடம். ராக்காயி மஞ்சள் பூசியிருக்கிறாள். அடுப்பு மேலே தொங்கிய அகப்பையை எடுக்கக் கையைத் தூக்கினேன். அஞ்சலை தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். கஞ்சி ஊற்றத்தான் எடுத்தேன். பத்தொன்பது வயதில் இன்னமும் என் கை மேலே போனால் அவள் தலை உள்ளே போகிறது.

"கொஞ்சம் பால் குடும்மா. புள்ள வாடுது."

"நான் தூக்கினா செத்துப்போயிரும்பா."

"யாரு சொன்னா?"

"நீங்கதான்."

கோபம் இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போல.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "அது ஒங்கம்மாவ ஓடைப்பொண்ணு..." என்றுதான் வந்தது. பதின்மூன்று வருசமாக அந்தப் பாதையிலேயே போய்ப் பழகிய நாக்கு. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கஞ்சியை வைத்துவிட்டு வந்தேன். குடிக்கவில்லையாம்.

பிள்ளைக்கு இப்போது நாலாம் காம்பராக்காரி பால் கொடுக்கிறாள். அவளுக்கே ஒன்று மடியில்.

கார்த்திகை 13, வெள்ளி

மழை. தோட்டத்தில் அரை நாள் வேலை. எனக்கு முழு நாள், கடுதாசிக்கு மழை தெரியாது.

திரும்பி வரும்போது ராக்காயி என் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் நாலைந்து பேர் கதைக்குக் காத்திருந்தார்கள். விரட்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம மறுபடியும் கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டாந்தரம் அடிச்சு, உச்சிமுடி எடுத்து மரத்துல ஆணி வச்சு அறையப் போறானாம். அது முடிஞ்சு புள்ளைய ஹல்துமுல்லைக்கு, சம்பந்தியம்மா தங்கச்சி வீட்டுக்கு அனுப்புறாங்க. தாயிகிட்ட வச்சிருந்தா பேய் புள்ளையையும் எடுத்துருமாம். தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"புள்ள போன அன்னைக்கு இவளும் ஓடைக்குப் போயிருவா. செல்லம்மா போன மாதிரி. எழுதி வச்சுக்கங்க."

அவளுக்கு இந்த நோட்டுப் புத்தகம் பற்றித் தெரியாது. சும்மா சொன்ன சொல்.

"நீ சொல்லேன் ராக்காயி. ஒன் சொல்லுக்கு மதிப்பு இருக்கு."

"பிரசவம் வரைக்கும்தான் எஞ் சொல்லு. பேய் விசயத்துல மருத்துவச்சி பேச்ச எவன் கேப்பான்? அந்த ஓடைப்பொண்ணக் கூட்டிட்டு வந்தவரு நீங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவள் எவ்வளவு தெரிந்து பேசுகிறாள் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சொன்னால் என்ன ஆகும்: வேலை போகலாம். கங்காணி தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லலாம். பிள்ளைகள் கதைக்கு வரமாட்டார்கள். மாப்பிள்ளை சிரிப்பான். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததே ஒரு வெட்கம். அங்கே ஒருத்தி சாகப் போகிறாள்.

கார்த்திகை 15, ஞாயிறு

மூடுபனி. கல் பாதிதான் தெரிந்தது.

சுருக்கமாக.

அதே கூட்டம். அஞ்சலை குந்தியிருக்கிறாள். கோடாங்கி விளாறை எடுத்தான். நான் உள்ளே போய் விளாறைப் பிடித்துக்கொண்டேன்.

"இவள அடிக்காதீங்க. பேய் இல்ல. ஓடைப்பொண்ணுன்னு யாரும் இல்ல. நான் கட்டின கத."

யாரோ பின்னால் சொன்னார்கள், "ஆரம்பிச்சுட்டாரு கதைக்காரரு." இரண்டு பேர் வசதியாக உட்கார்ந்தார்கள். நிசமாகவே உட்கார்ந்தார்கள், வெற்றிலை மடித்தார்கள்.

"கத இல்லங்க. நாந்தான் செல்லம்மாவ வாரால அடிச்சேன். அதுனாலதான் அவ ஓடைக்குப் போனா. என் மகள அடிச்சு இந்தப் பொய்யச் சொல்ல வச்சேன். அன்னைக்கு எந்த அடிக்குப் பயந்து சொன்னாளோ, போன வாரமும் அதுக்குத்தான் சொன்னா."

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்தான். பிறகு கையைத் தூக்கினான். "எறங்கிருச்சு. மகள விட்டு எறங்கி அப்பன் மேல ஏறிருச்சு. புடிங்க."

பிடித்தார்கள். என்னைக் குந்த வைத்தார்கள். விபூதி.

"யாரு நீ?"

"தப்பால்காரன்."

விளாறு.

"யாரு நீ? மரியாதையாப் பேரச் சொல்லு."

"செல்லம்மா புருசன்."

விளாறு. அது வலிக்கத்தான் செய்தது. வலித்தபோது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகத்துக்கும் வெட்கம். இப்படி இரண்டு அடி வாங்கிவிட்டுத் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம் போல ஒரு எண்ணம்.

ராக்காயி முன்னால் வந்தாள். "நிறுத்து கோடாங்கி. இந்த ஆளு மேல ஏறினது இன்னைக்கு இல்ல. செல்லம்மா பொணத்தக் குளிப்பாட்டினது நான். இந்தா நிக்கிறாங்களே, இவங்க மூணு பேரும் கூட இருந்தாங்க. முதுகு பூரா வார்த் தடம். பக்கிளு பட்ட எடம் எட்டு. ஓடைப்பொண்ணு வார் கட்டிக்கிட்டா வந்தா?"

அந்த மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா அதில் ஒருத்தி.

அவர்களுக்கு அன்றைக்கே தெரியும். பதின்மூன்று வருசமாக என் கதையைக் கேட்டுக்கொண்டு, பயப்பட வேண்டிய இடத்தில் பயந்து, அழ வேண்டிய இடத்தில் அழுது, தெரிந்துகொண்டே. எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். நான் ஏமாற்றினேன் என்று நினைத்திருந்தேன்.

கோடாங்கி உடுக்கையைப் பைக்குள் வைத்தான். "இது என் வேல இல்ல. கங்காணிகிட்டப் போக வேண்டியது" என்றான்.

அஞ்சலைக்குப் பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். "ஒங்கம்மா தூக்கினதுனால தம்பி சாகல. பொறந்ததுலேருந்தே அதுக்கு ஒடம்பு சரியில்ல. ஒங்கம்மா கை பட்டு ஒண்ணும் ஆகல. நான் சொன்னது பொய்."

"பொறக்கையிலயே நீலம் பாரிச்சிருந்துச்சு. நாந்தான் எடுத்தேன்" என்றாள் ராக்காயி.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். முடி முகத்தில் விழுந்திருந்தது.

"அப்ப எதுக்கு என்னையும் அடிச்சீங்க?"

"நீ நெசத்தச் சொன்னதுக்கு."

அவள் அழவில்லை. பிள்ளையையும் தூக்கவில்லை. ராக்காயி ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் இவளையும் பிடித்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு, தன் காம்பராவுக்குப் போனாள். மாப்பிள்ளை பின்னால் இரண்டு எட்டு வைத்தான். "நீ அங்கேயே நில்லு" என்றாள் திரும்பாமல். நின்றான்.

கார்த்திகை 16, திங்கள்

தூறல். பை லேசு.

பாதையில் ஒருவரும் பேசவில்லை. நான் வந்தால் பேச்சு நிற்கிறது, போனதும் தொடங்குகிறது. பிள்ளைகள் கதைக்கு வரவில்லை. பெரட்டில் கங்காணி, "பழசக் கெளற வேணாம், வேலையப் பாருங்க" என்றாராம். என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டது அவருக்கு எளிது. எனக்கு எளிதாக இல்லை.

கல்லடியில் இன்று காலை புதிதாக ஒரு எலுமிச்சம்பழம். யார் வைத்தார்களோ. ஓடைப்பொண்ணு இல்லை என்று நான் சொல்லிவிட்டால் இல்லாமல் போய்விடுவாளா அவள்.

மாப்பிள்ளை வந்தான். இஸ்தோப்பில் ஏறாமல் கீழேயே நின்றான்.

"நாலு பேருக்கு முன்னால என்னையும் ஒங்கள மாதிரி ஆக்கிட்டீங்க மாமா."

"நான் ஆக்கல மாப்பிள்ள. அன்னைக்குக் கவ்வாத்து மலைக்குப் போற வழியில நீங்கதான சொன்னீங்க, நான் அடிக்காத அடியான்னு."

நிலத்தைக் காலால் கீறிக்கொண்டு நின்றான். "அவள எப்ப அனுப்புவாங்க?"

"தெரியாது. ராக்காயியக் கேளுங்க. கையக் கழுவிட்டுப் போங்க, புள்ள இருக்கிற எடம்."

போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினான். சோறு பொங்கினானா என்னவோ, புகை மட்டும் தெரிந்தது.

கார்த்திகை 18, புதன்

வெயிலும் மழையும் சேர்ந்து. நரிக்குக் கல்யாணம்.

பையில்: கடுதாசி மூன்று, மருந்துப் புட்டி ஒன்று. நாய் பிஸ்கோத்து இந்த முறை வரவில்லை. சமையற்காரன் முகம் வாடிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் ராக்காயி வந்து கூப்பிட்டாள். "வரச் சொல்றா. உள்ள வரக் கூடாதாம். வாசல்ல நின்னு, ஞாயித்துக்கிழம சொன்னத மறுபடியும் சொல்லணுமாம்."

போனேன். சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். மேட்டு லயமே இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டது. "பாவம், செத்த புள்ளைய மடியிலேயே வச்சிருந்தா" என்று செ.யைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன். பழக்கம். உள்ளிருந்து அஞ்சலை குரல்: "அது வேணாம். சொன்னத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அம்மா தூக்கியதால் தம்பி சாகவில்லை. அம்மா கை பட்டு ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது பொய்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டே கேட்டாளாம்.

நேற்று மறுபடியும் கூப்பிட்டாள். நேற்று ஒரு சொல் கூட்டவில்லை. கேட்டு முடித்ததும் பிள்ளையை மடியில் வைக்கச் சொன்னாளாம். தூக்கவில்லை. கை இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு குனிந்து, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம், உலை கொதித்து வழியும் வரை. பிறகு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு இவ்வளவுதான்" என்றாள் ராக்காயி.

எத்தனை நாள் இப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "அவளுக்குப் போதும்ங்கிற வரைக்கும்" என்றாள். "ஒங்க கதைய நாங்க பதிமூணு வருசம் கேட்டோம்ல."

இன்று வேலையிலிருந்து வந்து இன்னும் கால் கழுவவில்லை. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். இன்று சொல்லும்போது அவள் உள்ளே இருப்பதை நினைக்காமல், செல்லம்மாவே உள்ளே உட்கார்ந்து கேட்பது போல நினைத்துச் சொல்லலாமா என்று ஒரு யோசனை. வேண்டாம், அதுவும் கதை கட்டுவதுதான். அஞ்சலைக்குத்தான் சொல்ல வேண்டும். அவள் கேட்பது அவளுக்காக. நான் இதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவள் கூப்பிட்டால் உடனே

ராக்காயி குரல், "கதைக்காரரே, புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, சீக்கிரம்" என்று. வந்துவிட்டேன், இதோ செருப்பு கூடப் போடாமல்